கூடிப் பேச ஒரு நல்ல கேள்வி: கொள்கைக் கலந்துரையாடல் குழுவைத் திட்டமிடுவது எப்படி?

எங்கள் தெருமுனையில் மாலை நாலரை மணிக்குக் கடலை வண்டி வந்து நிற்கும். பக்கத்திலேயே பூக்கட்டும் அக்கா. எதிர்ப்பக்கம் சாக்கு விரித்த காய்கறிக் கடைகள் ஏழெட்டு. ஆறு மணிக்கு டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளின் சைக்கிள்களும், வேலை முடிந்து திரும்புகிறவர்களின் ஸ்கூட்டர்களும், நடுவில் ஒரு மினி பஸ்ஸும் சேர்ந்துகொண்டால் அந்த இடத்தைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகும். "இந்தக் கடைங்களை எடுக்கச் சொல்லணும்" என்று ஒரு வீட்டில் பேசுவார்கள். "எடுத்துட்டா அஞ்சு ரூபாய்க்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் யாரு தருவா?" என்று அடுத்த வீட்டில் பேசுவார்கள். பல வருடங்களாக இதே பேச்சு. ஆனால் இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் பூக்கார அக்காவும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இதைப் பேசியதே இல்லை.

அப்படி உட்கார வைக்க நாங்கள் சிலர் முயன்றோம். முதல் முறை கூட்டம் கலைந்துபோனது. இரண்டாவது முறை, என்ன கேட்கப்போகிறோம், எதைப் படிக்கப்போகிறோம், யாரெல்லாம் வந்தாக வேண்டும் என்று முன்னாலேயே யோசித்து ஏற்பாடு செய்தோம். மூன்று கூட்டமாகப் பேச்சு நிதானமாக நடந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, புதிதாக இப்படி ஒரு குழு தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இது என்ன, எது இல்லை

பொதுக்கொள்கை என்றதும் டெல்லியும் கோட்டையும்தான் நினைவுக்கு வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பொதுப் பணம், பொது இடம், எல்லாருக்குமான விதி ஆகியவற்றில் அரசு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எடுக்கும் முடிவுதான் கொள்கை. நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டம், துறைச் செயலாளர் கையெழுத்திடும் அரசாணை, குப்பைக்கு மாதம் எவ்வளவு வாங்குவது என்று நகராட்சி மன்றம் போடும் தீர்மானம் எல்லாமே இதில் அடங்கும்.

அப்படி ஒரு முடிவைப் பற்றி, அது யாரையெல்லாம் தொடுகிறதோ அவர்களில் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து, அதற்குரிய ஆவணத்தைப் படித்து, முன்னால் இருக்கும் வழிகளையும் ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன இழப்பு என்பதையும் எடைபோட்டு, தேறிய கருத்தை முடிவெடுப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதுதான் கொள்கைக் கலந்துரையாடல் குழு.

தமிழர்களுக்குப் பேச்சு புதிதல்ல. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பட்டிமன்றத்தில் யார் எந்த அணி என்பது மேடை ஏறும் முன்பே முடிவாகிவிடும். தன் கட்சியை விட்டுக்கொடுக்காமல் பேசுவதுதான் அங்கே திறமை. கலந்துரையாடலில் இதற்கு நேர்மாறு. "நீங்க சொன்ன பிறகு எனக்கு இது வேற மாதிரி தெரியுது" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கூட்டம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். நடுவரும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே என் பட்டா, என் உதவித்தொகை என்று என் குறையைக் கொண்டுபோகிறேன். இங்கே, எல்லாருக்குமான ஒரு விதி எப்படி இருக்க வேண்டும் என்று பேசுகிறோம்.

இந்த முறைக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. சுவீடனில் 1902-இல் லுண்ட் நகரத்தில் மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஓல்சன் 'படிப்பு வட்டம்' என்ற முறையைத் தொடங்கினார். ஆசிரியர் இல்லாமல், ஒரு சின்னக் குழு புத்தகங்களைப் பகிர்ந்து படித்துப் பேசும். தொழிலாளர்கள் அப்படித்தான் அந்த நாட்டின் அரசியலைக் கற்றுக்கொண்டார்கள். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஆயிரம் பேர் கூடிய கிராம சபையில் எப்படிப் பேச முடியும்? கூட்டத்தை விவசாயம், குடிநீர், கல்வி என்று தலைப்புவாரியாகச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற ஒருவரை நெறிப்படுத்த வைத்தார்கள். நம் ஊரில் படிப்பகங்கள் இருந்தன. டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் ஒரு தொண்டரைச் சுற்றிப் பத்துப் பேர் என்று வட்டமாக உட்கார வைத்தது. அந்த வட்டம்தான் நமக்கும் வேண்டும்.

கேள்விதான் கூட்டத்தின் உயிர்

எங்கள் முதல் கூட்டத்தின் தலைப்பு: "நடைபாதைக் கடைகள் வேண்டுமா, வேண்டாமா?" வாட்ஸ்ஆப்பில் அதைத்தான் அனுப்பியிருந்தோம். வந்தவர்கள் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே இரண்டு கட்சியாக வந்தார்கள். இருபது நிமிடத்தில் குரல் உயர்ந்தது. ஒரு பெரியவர், "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். அவர் கேட்டது நியாயம்தான்.

பிழை எங்கே என்று பிறகு யோசித்தோம். அந்தக் கேள்விக்கு விடை நாட்டில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. 2014-இல் நாடாளுமன்றம் சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கவும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தவும் ஒரு சட்டம் இயற்றியது. அவர்கள் வியாபாரம் செய்யலாம் என்று அந்தச் சட்டம் சொல்லிவிட்டது. எங்கே, எந்த நேரத்தில், எத்தனை பேர், எந்த ஒழுங்கில் என்பதுதான் மீதி. அதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே பேசக்கூடிய கேள்வி இதுதான்: "நம் வார்டில் எந்தெந்த இடங்களை வியாபாரப் பகுதியாக ஒதுக்கலாம், அங்கே நடப்பவர்களுக்கு எவ்வளவு வழி விட வேண்டும்?"

இப்படிக் கேட்டதும் பேச்சே மாறிவிடுகிறது. கடை வேண்டாம் என்று நினைப்பவரும் இதில் சொல்ல ஒன்று வைத்திருப்பார். கடைக்காரரும் வைத்திருப்பார். இரண்டு பேருக்கும் முழு விடை தெரியாது. யாருக்கும் முழுசாக விடை தெரியாத கேள்விதான் உட்கார்ந்து பேசத் தகுந்தது.

இப்போதெல்லாம் ஒரு கேள்வியை எடுத்ததும் நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். இதில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவர்கள் எப்போது முடிவெடுக்கப்போகிறார்கள்? முடிவு இன்னும் மாறக்கூடிய நிலையில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் கேள்வியை மாற்றிவிடுவேன். "ஊழலை ஒழிப்பது எப்படி?" என்பது மூன்றிலும் தோற்கும். "நம் பள்ளிக்கு வந்திருக்கும் பராமரிப்பு நிதியில் முதலில் கழிப்பறையா, கூரையா?" என்பது மூன்றிலும் தேறும்.

இவற்றில் காலத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒரு சட்டமோ விதியோ வந்த பிறகு கோபப்படுவது எளிது. வரைவாக இருக்கும்போது படிப்பவர்கள் குறைவு. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் ஒரு நடைமுறையை வகுத்தது. எல்லா வரைவுக்கும் அது கடைப்பிடிக்கப்படுவதில்லை என்றாலும், கருத்துக் கேட்கும் அறிவிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, அதாவது ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று அனுமதிக்கு முன் மதிப்பிடும் விதிகளின் வரைவு, வந்தது நினைவிருக்கும். பொதுமுடக்கத்தின் நடுவில் வந்த அந்த வரைவுக்குக் கருத்துச் சொல்லும் காலத்தை டெல்லி உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. லட்சக்கணக்கானவர்கள் கருத்து எழுதினார்கள். அந்த வரைவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தது: ஒரு திட்டம் பற்றிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் கொடுக்கும் அவகாசம் 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கப்பட்டிருந்தது. பத்து நாள் குறைந்தால் ஒரு கடலோரக் கிராமத்தில் என்ன ஆகும்? கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, ஆங்கில அறிக்கையை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லி, கூடிப் பேசி, ஆட்சேபம் எழுத வேண்டும். ஒரு மாலை முழுக்கப் பேச இந்த ஒரு வரி போதும். நல்ல கேள்வி பெரும்பாலும் இப்படி ஆவணத்தின் ஏதோ ஒரு வரியில்தான் ஒளிந்திருக்கும்.

சேர்ந்து படிப்பது

ஆவணத்தை முன்கூட்டியே அனுப்பினால் எல்லாரும் படித்துவிட்டு வருவார்கள் என்று நம்ப வேண்டாம். பத்தில் இரண்டு பேர் படிப்பார்கள். பிறகு அந்த இரண்டு பேர்தான் பேசுவார்கள். அதைவிட, கூட்டத்திலேயே உரக்கப் படிப்பது நல்லது. முழுச் சட்டத்தையும் படிக்க வேண்டியதில்லை. நம் கேள்வியைத் தொடும் ஐந்தாறு பிரிவுகளைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் எழுதி நகல் எடுத்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும், உரக்கப் படிக்கும்போது அவர் மற்றவர்களுக்குச் சமமாகிவிடுகிறார்.

இரண்டாவது முயற்சியின் முதல் கூட்டத்தில், அந்த 2014 சட்டத்திலிருந்து நாங்கள் படித்தவற்றில் சில: வியாபாரிகளைக் கணக்கெடுக்கும் பணி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். கணக்கில் வந்தவர்கள் எல்லாருக்கும், அந்த வார்டு அல்லது நகரத்து மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் என்ற வரம்புக்குள், இடம் கொடுக்க வேண்டும். காலங்காலமாக வாங்குபவரும் விற்பவரும் கூடும் இடத்தை, கணக்கெடுப்பில் இயற்கைச் சந்தையாக அடையாளம் கண்டுவிட்டால், வியாபாரம் கூடாத பகுதி என்று அறிவிக்க முடியாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும்; அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

இரண்டரை சதவீதம் என்று படித்ததும் ஒரு கல்லூரி மாணவர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஒரு வார்டில் 6,000 பேர் என்று வைத்துக்கொண்டால் 150 வியாபாரிகள். "நம்ம பக்கம் அவ்வளவு கடையே இல்லையே" என்று சொன்னவர், கடைகளை எடுக்க வேண்டும் என்று பேச வந்தவர். கடைகள் அதிகமாகிவிட்டன என்பதுதான் சிக்கல் என்று அதுவரை எல்லாரும் நினைத்திருந்தோம். எண்ணிக்கையைவிட, எல்லாம் ஒரே வளைவில் குவிந்திருப்பதுதான் சிக்கல் என்று அந்தத் தாளைப் பார்த்த பிறகு தெரிந்தது.

அடுத்து பொருட்களைப் பறிமுதல் செய்வது பற்றிய பிரிவு. பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். அழுகக்கூடிய பொருளாக இருந்தால், கேட்டு வந்த அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவை இரண்டு வேலை நாளுக்குள். படித்து முடித்ததும் பூக்கார அக்கா கையை நீட்டி, அந்தத் தாளை வாங்கினார். அந்த வரியின் மேல் விரலை வைத்து, "இதையா படிச்சீங்க? இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தோம். "பட்டியலா? ரெண்டு தடவை என் கூடையைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஒரு துண்டுச் சீட்டுகூடக் குடுக்கலையே. மறுநாள் போனப்ப மல்லி எல்லாம் கருகிக் கிடந்துச்சு." அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேச வந்த பக்கத்து வீட்டு சார்தான் முதலில் கேட்டார்: "ஒரு கூடை மல்லி என்ன விலைம்மா வரும்?"

இந்தக் கேள்வியை எந்த நெறியாளரும் தயாரித்துக் கொடுக்க முடியாது. ஆனால் சட்டப் பிரிவும் அதனால் அடிபட்டவரும் ஒரே அறையில் இருந்ததால்தான் அது வந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்வதுதான் நம் வேலை.

யாரைக் கூப்பிடுவது, எப்போது

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு பேர் பேச மற்றவர்கள் கேட்பவர்களாகிவிடுவார்கள். இருபது பேர் வந்துவிட்டால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள்.

ஆர்வமுள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால் ஓய்வுபெற்ற ஆண்கள் நிறைய வருவார்கள். அவர்களின் அனுபவமும் நேரமும் பெரிய சொத்து. ஆனால் அவர்கள் மட்டும் போதாது. கேள்வியை எழுதிவைத்து, "இந்த முடிவு மாறினால் யாருடைய சாயங்காலம் மாறும்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கேள்விக்கு வந்த பதில்: வியாபாரிகள், வாடகை கட்டிக் கடை நடத்தும் மளிகைக்காரர், நடைபாதையில் தடியூன்றிப் போகும் முதியவர், சைக்கிளில் வரும் பிள்ளைகள், வீட்டு வாசலில் வண்டி நிறுத்த முடியாத குடும்பம், காய்கறி வாங்கும் பெண்கள். ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒருவரையாவது நேரில் போய் அழைக்க வேண்டும். குறுஞ்செய்தி போதாது. கடலை வண்டி அண்ணனை மூன்று முறை போய்ப் பார்த்தோம். மூன்றாவது முறைதான் "சரி, வர்றேன்" என்றார்.

நேரம் வைப்பதில் நாங்கள் முதலில் தவறினோம். ஞாயிறு மாலை ஐந்து மணி எல்லாருக்கும் வசதி என்று நினைத்தோம். வியாபாரிகளுக்கு வாரத்திலேயே நல்ல வியாபாரம் அந்த நேரத்தில்தான். அவர்கள் இல்லாமலே அவர்களைப் பற்றிப் பேசியதும் முதல் கூட்டம் கெட்டுப்போக ஒரு காரணம். இரண்டாவது முயற்சியில் பகல் இரண்டு மணிக்குக் கூடினோம். அந்த நேரத்தில் அலுவலகம் போகிறவர்கள் விடுமுறை நாளில்தான் வர முடியும். அதனால் சனி, ஞாயிறு பகல் என்று முடிவானது. யாருக்கு நேரத்தை வளைப்பது மிகவும் கடினமோ அவரைக் கேட்டு நேரம் வைத்தால் மற்றது தானாக அமையும்.

இடம் எங்கும் கிடைக்கும். நூலகம், பள்ளி வகுப்பறை, மொட்டை மாடி. கட்சி அலுவலகம், ஒரு சாதியாரின் சங்கக் கட்டடம், பெரிய மனிதர் ஒருவரின் வீட்டுக் கூடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். சிலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். உள்ளே எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கை. மேடை, மாலை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் வேண்டாம்; அவற்றுக்குப் போகும் அரைமணி நேரத்தைப் பேச்சுக்குக் கொடுக்கலாம். டீ கட்டாயம்.

நெறியாளர் என்ன செய்வார்

தலைமை தாங்குவது வேறு, நெறிப்படுத்துவது வேறு. நெறியாளர் தன் கருத்தைச் சொல்லாமல் இருக்க ஒப்புக்கொண்டவர். அந்தக் கேள்வியில் அவருக்கு வேகமான கருத்து இருந்தால் அந்த முறை வேறொருவர் நெறிப்படுத்தட்டும். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் குறுக்கீடு இல்லாமல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். "இதில் உங்கள் அனுபவம் என்ன?" என்றுதான் தொடங்க வேண்டும். கருத்தைக் கேட்டால் நாளிதழில் படித்ததைச் சொல்வார்கள். அனுபவத்தைக் கேட்டால் தங்களுக்கு மட்டுமே தெரிந்ததைச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வழிகளை எடுத்து வைக்க வேண்டும். ஒரே ஒரு யோசனை மேசைமேல் இருந்தால் ஆம், இல்லை என்று சண்டை வரும். அமெரிக்காவில் தேசியப் பிரச்சினைகள் அரங்கம் என்ற பெயரில் 1980-களிலிருந்து நடக்கும் கூட்டங்களுக்குத் தயாரிக்கும் கையேடுகளில் பெரும்பாலும் மூன்று வழிகளைத் தருவார்கள். ஒவ்வொன்றிலும் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுவார்கள். அது நல்ல பழக்கம். எங்கள் தாளில் இருந்த மூன்று: கடைகள் இருக்கும் இடத்திலேயே கோடு போட்டு ஒழுங்குபடுத்துவது, பாதிக் கடைகளை அடுத்த தெருவின் அகலமான பகுதிக்கு மாற்றுவது, இடத்தை மாற்றாமல் மாலை நேரத்தில் மட்டும் அந்த வளைவில் வாகனங்களை ஒருவழியாக்குவது. முதல் வழியில் நடப்பவருக்கு நெருக்கடி கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். இரண்டாவதில் இடம் மாறும் வியாபாரிக்குச் சில மாதம் வருமானம் விழும், பழைய வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்ற உறுதியும் இல்லை. மூன்றாவதில் வண்டிகள் சுற்றிப் போக வேண்டும். எதிலும் யாரோ ஒருவர் கொஞ்சம் இழக்கிறார். அதைத் தெரிந்தே பேசும்போது குரல் தானாகத் தணிகிறது.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், "சார், உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டோம். இன்னும் பேசாதவங்களைக் கேட்டுட்டு வர்றோம்" என்று சொல்லப் பழக வேண்டும். நம் ஊரில் வயது, பதவி, சாதி, ஆண் என்ற நான்கும் சேர்ந்து யார் முதலில் பேசுவது என்று சொல்லாமலே முடிவு செய்துவிடுகின்றன. நெறியாளர் இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தால் வட்டமாக உட்கார்ந்தும் பயன் இல்லை. அதனால் முதல் சுற்றை வயதில் இளையவரிடமிருந்து அல்லது பேசத் தயங்குகிறவரிடமிருந்து தொடங்குவேன். "உங்களுக்கு எதிரா பேசினவர் சொன்னதுல எது நியாயம்னு தோணுது?" என்பது நான் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு முறையாவது கேட்கும் கேள்வி.

குறிப்பெடுக்க வேறொருவர் வேண்டும். யார் சொன்னார் என்று பெயர் எழுத வேண்டாம். என்ன சொன்னார் என்று மட்டும் எழுதினால் போதும். கூட்டத்தைக் காணொளி எடுக்காமல் இருப்பதே நல்லது. கேமரா ஓடினால் பூக்கார அக்கா அன்றைக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

எத்தனை கூட்டம்? புதியவர்களுக்கு மூன்று போதும். முதலாவதில் அனுபவமும் படிப்பும். இரண்டாவதில் வழிகளை எடைபோடுவது. மூன்றாவதில் எழுதுவது. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்; சொன்ன நேரத்தில் முடித்துவிட வேண்டும். நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். அந்த வாரத்தில் அவரவர் அந்த இடத்தைக் கடந்து போகும்போது வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

பேசியது எங்கே போக வேண்டும்

பேசிவிட்டுக் கலைந்துபோனால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எதில் ஒத்துப்போனோம், எதில் ஒத்துப்போகவில்லை, எது தெரியவில்லை. ஒத்துப்போகாததை மறைக்க வேண்டாம். "எல்லாரும் ஒருமனதாக" என்று எழுதிய மனுவைவிட, "வியாபாரிகள் இதைச் சொன்னார்கள், குடியிருப்போர் இதைச் சொன்னார்கள், இந்த இரண்டு விஷயத்தில் இருவரும் சேர்ந்தார்கள்" என்று எழுதிய தாளை அதிகாரிகள் கவனித்துப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தெரியாதவற்றைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 2005-இன் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி: எங்கள் நகரத்தில் கடைசியாக எப்போது வியாபாரிகள் கணக்கெடுப்பு நடந்தது, நகர விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது? முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போது அது தொடர்பான விவரங்களை, யாரும் கேட்காமலே, அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்றும் அதே சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தில் அந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கள்.

பிறகு அந்தத் தாளைச் சபைக்குக் கொண்டுபோக வேண்டும். கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். நகரம் என்றால் 2022-இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்க வேண்டும், வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர். கிராம சபையில் உங்களுக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். தயாரிப்பு இல்லாமல் போனால் அந்தச் சில நிமிடமும் குறை சொல்வதில் போய்விடும். முன்பே மூன்று கூட்டம் பேசி எழுதிய தாளோடு போனால், அதையே தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லலாம். தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்பதைப் படித்துப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். வரைவு அறிவிக்கை என்றால் அதில் கொடுத்திருக்கும் முகவரிக்குக் கடைசித் தேதிக்கு முன்பே அனுப்பி, அனுப்பியதற்குச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்சிக்காரர்கள் வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். வரலாம். அவர்களும் குடிமக்கள்தான், பலருக்கு ஊர் விவகாரம் நம்மைவிட நன்றாகத் தெரியும். வட்டத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசி, மற்றவர்களைக் கேட்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். கவுன்சிலரை மட்டும் முதல் இரண்டு கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அவர் இருந்தால் எல்லாரும் அவரைப் பார்த்தே பேசுவார்கள். ஒருவரையொருவர் பார்த்துப் பேச மாட்டார்கள். மூன்றாவது கூட்டத்தின் கடைசி அரைமணி நேரம் அவருக்கு.

எங்கள் கவுன்சிலர் அந்த அரைமணி நேரத்துக்கு வந்தார். தாளைப் படித்தார். கோடு போடும் யோசனையை மன்றத்தில் வைப்பதாகச் சொன்னார். மற்ற இரண்டையும் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார். எல்லாரும் எழுந்துகொள்ளும் நேரத்தில் பூக்கார அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார்: "எல்லாம் பேசினீங்க. சாயங்காலம் நாலரையிலேருந்து ராத்திரி ஒம்பதரை வரைக்கும் உக்காந்திருக்கோமே, நாங்க பொம்பளைங்க ஒதுங்குறதுக்கு எங்க போறது?"

மூன்று கூட்டங்களில், பன்னிரண்டு பேரில், இரண்டு பக்கத் தாளில், இது எங்கேயும் வரவில்லை. குறிப்பெடுத்தவர் நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி மேலே எழுதினார்: "சந்தை வளைவுக்கு நடந்துபோகும் தூரத்தில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே கட்டலாம்?" அதன் கீழே, யார் முடிவெடுப்பார், எப்போது, இன்னும் முடிவாகவில்லையா என்று மூன்று வரி. கவுன்சிலர் மறுபடி உட்கார்ந்தார்.